1665-ல கட்டின செங்கல் வீடு: வர்ஜீனியாவோட பேக்கன்ஸ் காசில் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வர்ஜீனியா, மேரிலாண்ட், டிசி பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா வில்லியம்ஸ்பர்க், ஜேம்ஸ்டவுன் ரெண்டையும் காட்டிட்டு திரும்பிடுவாங்க. ஜேம்ஸ் ஆத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போறவங்க ரொம்ப கம்மி. அங்கதான் இந்த வீடு இருக்கு. இதைப் பத்தி எங்க பேசினாலும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன்.

இது என்ன வீடு, எங்க இருக்கு?

வர்ஜீனியாவுல சர்ரி கவுண்டி, ஜேம்ஸ் ஆத்தோட தென்கரை. ஆர்தர் ஆலன்னு ஒரு வியாபாரி 1665-ல கட்டின வீடு. அவர் ஊர்ல நீதிபதி பொறுப்புலயும் இருந்தவர், நல்ல வசதி. சுத்தி இன்னைக்கும் வயக்காடுதான், வேர்க்கடலை, பருத்தின்னு போட்டிருப்பாங்க. அன்னைக்கு அது முழுக்க புகையிலை. வீட்டோட உண்மையான பேரு ஆர்தர் ஆலன் வீடு, ஆனா அந்தப் பேரைச் சொன்னா உள்ளூர்க்காரங்களுக்கே யோசிக்கணும், எல்லாருக்கும் அது பேக்கன்ஸ் காசில்தான்.

அமெரிக்காவுலயே பழைய செங்கல் வீடு இதுதானா?

இன்னைக்கு அமெரிக்கான்னு சொல்ற நாட்டுல, வயசு ஆதாரத்தோட நிரூபிக்கப்பட்ட செங்கல் குடியிருப்புகள்ல இதுதான் மூத்தது. "ஆதாரத்தோட"ங்கிறதை விட்டுடாதீங்க. ஒரு காலத்துல வர்ஜீனியா பீச்ல இருக்குற தாரோகுட் வீட்டைத்தான் மூத்ததுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1636 வாக்குல கட்டினதுன்னு புத்தகத்துல எல்லாம் போட்டிருந்தாங்க. அப்புறம் மரத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்தா அது 1719 வாக்குல கட்டினது, முன்னாடி நினைச்சதை விட கிட்டத்தட்ட எண்பது வருஷம் இளசு. மரவீட்டையும் சேத்துப் பாத்தா கதை வேற, மாசசூசெட்ஸ்ல டெட்ஹாம் ஊர்ல இருக்குற ஃபேர்பேங்க்ஸ் வீடு 1640 பக்கம், அது பேக்கன்ஸ் காசிலுக்கு முன்னாடியே வந்தது.

1665-ன்னு எப்படி அவ்வளவு துல்லியமா சொல்றாங்க?

மரவளையத்தை எண்ணித்தான். மழை நல்லா பெஞ்ச வருஷம் வளையம் அகலமா இருக்கும், பஞ்ச வருஷம் ஒடுங்கிப் போயிருக்கும், அதனால ஒரு வட்டாரத்துல வளந்த மரங்கள்ல அகலமும் ஒடுக்கமும் ஒரே வரிசையில வரும். வீட்டு உத்தரத்துல மெல்லிசா ஒரு துளை போட்டு சாம்பிள் எடுத்து, ஏற்கனவே வருஷம் தெரிஞ்ச மரங்களோட வரிசையில பொருத்திப் பாப்பாங்க. பட்டைக்கு உள்பக்கம் இருக்குற கடைசி வளையம் அழியாம இருந்தா மரத்தை எந்த வருஷம் வெட்டினாங்கன்னே தெரிஞ்சிடும். அந்தக் காலத்துல மரத்தைக் காய வெச்சு வருஷக்கணக்கா காத்திருக்க மாட்டாங்க, ஈர மரத்துலயே தச்சு வேலை பண்ணி ஏத்திடுவாங்க, அதனால வெட்டின வருஷமும் கட்டின வருஷமும் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். இதே முறையிலதான் 1606 முதல் 1612 வரைக்கும் அந்தப் பகுதியில கடுமையான பஞ்சம்னும் கண்டுபிடிச்சாங்க. ஜேம்ஸ்டவுன்ல வந்து இறங்கின முதல் ஆங்கிலேயக் குடியேறிங்க பட்டினியில செத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போ மத்தவங்க எல்லாம் எந்த மாதிரி வீட்டுல இருந்தாங்க?

இதைத் தெரிஞ்சிக்காம இந்த வீட்டைப் பாத்தா அதோட கனம் புரியாது. வர்ஜீனியாவுல முதல் நூறு வருஷம் பெரும்பாலான ஜனங்க, கையில காசு இருந்தவங்களும் சேத்துத்தான், மண்ணுல குழி தோண்டி மரக்கம்பம் நட்டு, அது மேல சட்டம் போட்டு, பிளந்த பலகை அடிச்ச வீட்டுலதான் இருந்தாங்க. அஸ்திவாரம் கிடையாது, புகைபோக்கி கூட நிறைய இடத்துல மரமும் களிமண்ணும்தான். ஈரத்துலயும் கரையான்லயும் கம்பம் அடி செத்து பத்து இருபது வருஷத்துல வீடு சாயும், ரிப்பேர் பண்ணுவாங்க, இல்லன்னா விட்டுட்டு வேற இடத்துல போடுவாங்க. புகையிலை மண்ணோட சத்தை உறிஞ்சிடும், அதனால நிலத்தையே மாத்திட்டு இருக்குறவனுக்கு நிரந்தர வீடு எதுக்குன்னு ஒரு கணக்கு, கைத்தொழில் தெரிஞ்ச ஆளுக்கு கூலி அதிகம்ங்கிறது இன்னொன்னு, காய்ச்சல்ல ஆளுங்க சீக்கிரம் போய்ச் சேந்துடுவாங்கங்கிறது மூணாவது. அந்த வீடுங்கள்ல அனேகமா எதுவுமே இன்னைக்கு இல்ல, தொல்லியல்காரங்க மண்ணுல கம்பக்குழியோட கறையைப் பாத்துத்தான் இங்க ஒரு வீடு இருந்ததுன்னு சொல்றாங்க. அப்படிப்பட்ட ஊர் நடுவுல ஒருத்தர் செங்கல்ல மாடி வெச்சு வீடு எழுப்பினா, நாங்க இங்கயே இருக்கப் போறோம், எங்க பிள்ளைங்களும் இங்கதான் இருக்கப் போறாங்கன்னு சுத்துப்பட்டுக்கு எல்லாம் சொன்ன மாதிரி.

செங்கல் எல்லாம் இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்ததுன்னு சொல்றாங்களே?

அமெரிக்காவுல எந்தப் பழைய செங்கல் வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லுவாங்க. நம்பாதீங்க. கப்பல் ஆடாம இருக்க அடியில பாரமா கொஞ்சம் கல் வந்திருக்கலாம், ஆனா ஒரு முழு வீட்டுக்கு வேணும்கிற லட்சக்கணக்கான கல்லைக் கடல் தாண்டிக் கொண்டுவர அவசியமே இல்ல, காலடியில களிமண் இருக்கு, சுத்தி விறகு இருக்கு. வழக்கமா வீடு கட்டுற மனையிலயே சூளை போட்டுடுவாங்க.

வேலை எப்படி நடக்கும்னா, குளிர்காலத்துக்கு முன்னாடி களிமண்ணை வெட்டிக் குவிச்சு வெச்சிடுவாங்க, பனியில உறைஞ்சு உருகி உறைஞ்சு உருகி கட்டி உடைஞ்சு மண்ணு பதத்துக்கு வரும். அப்புறம் தண்ணி விட்டு மிதிச்சுப் பிசைஞ்சு, மர அச்சுல மணல் தூவி, மண்ணை அடிச்சு வெச்சு, மேல வழிச்சு விட்டு, அச்சைத் தட்டி பச்சைக்கல்லை வரிசையா காய வெப்பாங்க. பாதி காஞ்ச கல்லைத் திருப்பிப் போடுறது, மழை வந்தா மூடுறது எல்லாம் பெரும்பாலும் சின்னப் பசங்க வேலை. காஞ்ச கல்லை அடுக்கி நடுவுல அடுப்பு வழி விட்டு, வெளியில மண்ணு பூசி, ராப்பகலா நாள்கணக்குல விறகு போட்டுக்கிட்டே இருக்கணும். நெருப்பு கொஞ்சம் தணிஞ்சாலும் கல் வேகாது, ரொம்ப ஏறினா உருகி ஒட்டிக்கும்.

சுண்ணாம்புக்கு அந்தக் கடற்கரைச் சமவெளியில சுண்ணாம்புக்கல் கிடைக்காது, அதனால ஆத்து முகத்துவாரத்துல குவிஞ்சு கிடக்குற சிப்பி ஓட்டைச் சுட்டாங்க. நம்ம கொத்தனாருங்க சொல்ற கிளிஞ்சல் சுண்ணாம்பு அதேதான். அந்தக் காலத்து வர்ஜீனியா சுவர்ல பக்கத்துல போய்ப் பாத்தா சாந்துல சரியா வேகாத சிப்பித் துண்டு வெள்ளை வெள்ளையா தெரியும். அதைத் தேடிப் பாருங்க, எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சந்தோஷம் தர்ற விஷயம்.

இந்த வேலையை யார் செஞ்சாங்கன்னு கேக்காம விடக்கூடாது. கரணை பிடிக்கத் தெரிஞ்ச கொத்தனாருக்கு நல்ல கூலி. ஆனா அந்தக் காலத்து வர்ஜீனியா தோட்டங்கள்ல மண்ணு வெட்டினது, மிதிச்சது, விறகு பிளந்தது, சூளைக்கு முன்னாடி ராத்திரி முழிச்சது எல்லாம் கப்பல் கூலிக்காக நாலஞ்சு வருஷம் தன்னையே எழுதிக்கொடுத்துட்டு வந்த ஒப்பந்தக் கூலிகளும் ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சு வந்த அடிமைகளும்தான். அமெரிக்கத் தெற்குப் பக்கத்துப் பழைய செங்கல்ல, முக்கியமா சார்ல்ஸ்டன் நகரத்துல, ஈரமா இருக்கும்போது தூக்கின விரல் பதிஞ்சு அப்படியே வெந்து போன தடம் நிறைய இருக்கு. சில தடம் சின்னக் குழந்தை விரல் அளவுதான் இருக்கும்.

சுவத்தைப் பாத்து என்னதான் தெரிஞ்சிக்க முடியும்?

செங்கலோட நீளப்பக்கம் வெளியில தெரிஞ்சா ஸ்ட்ரெச்சர், குட்டைப்பக்கம் தெரிஞ்சா ஹெட்டர். ஒரு வரி முழுக்க ஸ்ட்ரெச்சர், அதுக்கு மேல ஒரு வரி முழுக்க ஹெட்டர்னு மாறி மாறி வந்தா அந்த அடுக்கு முறைக்கு இங்கிலீஷ் பாண்ட்னு பேரு. ஒரே வரியில ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு வந்தா ஃப்ளெமிஷ் பாண்ட். பேக்கன்ஸ் காசில்ல இருக்குறது இங்கிலீஷ் பாண்ட். அடுத்த நூத்தாண்டுல வர்ஜீனியா பணக்காரங்க ஃப்ளெமிஷ் பாண்டுக்கு மாறிட்டாங்க, அதுலயும் சூளையில நெருப்புக்கு ரொம்ப கிட்ட இருந்து விறகுச் சாம்பல் பட்டு நீலமும் சாம்பலுமா கண்ணாடி ஏறின கல்லை ஹெட்டரா வெச்சு சதுரங்கக் கட்டம் மாதிரி பண்ணுவாங்க. பழைய வீட்டுக்கு முன்னாடி நின்னா முதல்ல வரியைப் பாருங்க. பாண்ட் திடீர்னு மாறுற இடம், கல் நிறம் மாறுற இடம், இதெல்லாம் பின்னால ஒட்டுப்போட்ட இடம், அங்க ஒரு கதவோ ஜன்னலோ இருந்து மூடியிருப்பாங்க.

வெளியில பாக்க ஏன் இவ்வளவு வித்தியாசமா இருக்கு?

அமெரிக்காவுல இந்த ஸ்டைலே கிடையாதுங்கிறதுதான் காரணம். இதை ஜாகோபியன்னு சொல்லுவாங்க, இங்கிலாந்துல முதலாம் ஜேம்ஸ் ராஜா காலத்து பாணி, அவர் ஆண்டது 1603-ல இருந்து 1625 வரைக்கும். வீட்டோட ரெண்டு பக்கச் சுவரும் கூரைக்கு மேல நேரா முக்கோணமா முடியாம, வளைவும் படியுமா ஏறிப் போகும், அது நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கத்துல இருந்து இங்கிலாந்துக்கு வந்து அங்கிருந்து இங்க வந்த வேலைப்பாடு. ரெண்டு முனையிலயும் மூணு மூணு புகைபோக்கி, ஒவ்வொண்ணும் சுவருக்கு நேரா இல்லாம கோணலா திருப்பி வெச்சிருக்கும், வெயில் சாயும்போது அந்த முனைகள்ல நிழல் விழுறது அவ்வளவு அழகு. ஆலன் கட்டின நேரத்துல லண்டன்ல இது பழைய ஃபேஷன் ஆயிடுச்சு. ஊரை விட்டு வந்தவங்க தன் சின்ன வயசுல பாத்த பெரிய வீட்டைத்தான் மனசுல வெச்சிருப்பாங்க.

இந்த அளவுக்கு ஜாகோபியன் பாணியில கட்டி இன்னைக்கும் நிக்கிற வீடு ரெண்டு அமெரிக்கக் கண்டங்களையும் சேத்து மூணுதான். மத்த ரெண்டும் பார்படோஸ் தீவுல இருக்கு, செயின்ட் நிக்கலஸ் ஆபி, டிராக்ஸ் ஹால். அது கரும்புப் பணம், இது புகையிலைப் பணம், மூணு இடத்துலயும் அடிமை உழைப்பு.

உள்ள எப்படி இருக்கும்?

மேல இருந்து பாத்தா சிலுவை வடிவம். நடுவுல செவ்வகமா வீடு, முன்னாடி ஒரு கோபுரம் நீட்டிட்டு இருக்கும், அதுதான் வாசல். பின்னாடி இன்னொரு கோபுரம், அதுல மாடிப்படி. கீழ்த்தளத்துல ரெண்டே பெரிய ரூம். ஒண்ணு ஹால், இன்னைக்கு நாம சொல்ற ஹால் இல்ல, சாப்பாடு, வியாபாரப் பேச்சு, வழக்கு விசாரணை எல்லாம் அங்கதான். இன்னொண்ணு குடும்பத்துக்கான உள் அறை. சாதாரண வீட்டுல கதவைத் திறந்தா நேரா அடுப்பு முன்னாடிதான் நிப்போம். இங்க வாசல் கோபுரத்துல ஒரு தடுப்பு இருக்கு, வர்றவனை அங்கயே நிறுத்தி, உள்ள விடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம். படியைத் தனியா பின்பக்கம் தள்ளினதால ரூமுக்குள்ள இடம் வீணாகல. அடியில செங்கல் பேஸ்மென்ட், மேல படுக்கை அறைகள், அதுக்கு மேல பரண்.

உள்ள போனா நிமிந்து மேல பாருங்க. குறுக்க போற உத்தரங்கள்ல திசைகாட்டிப் பூ மாதிரி செதுக்கியிருக்கும். பெரும்பாலானவங்க கணப்பு அடுப்பைப் பாத்துட்டு நகந்துடுவாங்க.

பேக்கன் யாரு? அவர் வீடா இது?

இல்ல. அவர் இந்த வீட்டுல வாழவே இல்ல, வந்து போனதா கூட ஆதாரம் கிடையாது.

நத்தானியல் பேக்கன் 1674-ல இங்கிலாந்துல இருந்து வந்த வசதியான இளைஞர், கவர்னர் வில்லியம் பெர்க்லிக்கு கல்யாண வழியில சொந்தம். எல்லைப்பகுதிக் குடியேறிகளுக்கு புகையிலை விலை விழுந்தது, வரி அதிகம், கவர்னரோட ஆளுங்களுக்கே பதவியும் நிலமும் போகுதுன்னு கோபம், பூர்வகுடிகளோட மோதல் வேற. பேக்கன் பூர்வகுடிகள் மேல படையெடுக்க அனுமதி கேட்டார், கவர்னர் தரல, அனுமதி இல்லாமலே பேக்கன் போய்த் தாக்கினார். அதுல அடிபட்ட ஒக்கனீச்சி, பமன்கி மக்கள் ரெண்டு பேருமே வெள்ளைக்காரங்களோட சமாதானமா இருந்தவங்க. இதை ஒதுக்கிட்டு பேக்கனை வெறும் சுதந்திர வீரரா காட்டுற எழுத்து எனக்கு ஒப்பாது. 1676 செப்டம்பர் 19 அன்னைக்கு அவர் ஆளுங்க தலைநகரமான ஜேம்ஸ்டவுனையே கொளுத்தினாங்க.

அப்போ ஆலன் இறந்து அவர் பையன் மேஜர் ஆர்தர் ஆலன் கையில வீடு. அவர் கவர்னர் கட்சி. அந்த செப்டம்பர்லயே வில்லியம் ரூக்கிங்ஸ் தலைமையில எழுபது பேர் வரைக்கும் வந்து வீட்டைப் பிடிச்சாங்க. செங்கல் சுவர், உயரமான மாடி, ஒரு கோட்டைக்கு வேற என்ன வேணும். மூணு மாசத்துக்கு மேல உக்காந்து ஆலனோட ஆடு மாட்டைத் தின்னு, சரக்கைக் குடிச்சு, இருந்ததைக் காலி பண்ணாங்க. அக்டோபர் 26-ல பேக்கன் வயித்துக்கடுப்புல செத்துப்போனார். தலைவன் போனதும் கும்பல் கலைய ஆரம்பிச்சது, டிசம்பர் கடைசியில கவர்னர் ஆளுங்க கப்பல்ல வந்து இறங்கினதும் விட்டுட்டு ஓடிட்டாங்க. பெர்க்லி 23 பேரைத் தூக்குல போட்டார். அப்புறம் அவரையும் லண்டனுக்குத் திருப்பி அழைச்சுட்டாங்க, 1677-ல அங்கயே இறந்தார்.

பேக்கன்ஸ் காசில்ங்கிற பேரு ரொம்பப் பின்னாடி, அடுத்த நூத்தாண்டுல ஒட்டிக்கிட்டது. கட்டின குடும்பத்துக்கு அது எதிரியோட பேரு.

இந்தக் கலகத்துக்கும் அடிமை முறைக்கும் என்ன சம்பந்தம்?

பேக்கன் பக்கம் சேந்தவங்கள்ல வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் இருந்தாங்க, சேந்தா விடுதலைன்னு சொன்னதை நம்பி ஒண்ணா துப்பாக்கி எடுத்தாங்க. இது தோட்ட முதலாளிங்களை உலுக்கிடுச்சு. அடிமைச் சட்டம் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு, தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமைன்னு 1662-லயே வர்ஜீனியா சட்டம் போட்டுடுச்சு. ஆனா கலகத்துக்கு அப்புறம் ஒப்பந்தக் கூலி குறைஞ்சுக்கிட்டே வந்து ஆப்பிரிக்க அடிமைகள் பெருகிட்டே போனாங்க, 1705-ல எல்லாத்தையும் சேத்து ஒரே கடுமையான சட்டத்தொகுப்பா ஆக்கினாங்க. கலகம்தான் ஒரே காரணமா, இல்ல இங்கிலாந்துல கூலி ஏறி ஆளு வர்றது குறைஞ்சதும், அடிமைக் கப்பல் அதிகமா வந்ததும்தான் காரணமான்னு வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுறாங்க. என் பார்வையில ரெண்டும் சேந்துதான்.

இப்போ பாக்குறது 1665 வீடு அப்படியேவா?

உடம்பு அதேதான், முகம் கொஞ்சம் மாறியிருக்கு. முதல்ல ஈயச் சட்டத்துல சின்னச் சின்ன கண்ணாடி வெச்ச ஜன்னல், பதினெட்டாம் நூத்தாண்டுல அதை எடுத்துட்டு மேல கீழ தள்ளுற ஜன்னல் போட்டாங்க. 1840-கள்ல ஹேன்கின்ஸ் குடும்பம் வாங்கினாங்க, 1850-கள்ல பக்கத்துல கிரேக்க பாணியில ஒரு புதுப்பகுதி கட்டி சேத்தாங்க, அப்போ வாசலும் அந்தப் பக்கம் போயிடுச்சு, பழைய முன்வாசல் இருந்த இடத்துல ஜன்னல். சிலர் அந்த ஒட்டுப் பகுதியை இடிச்சிருக்கணும்னு சொல்றாங்க, எனக்கு அது கொஞ்சமும் உடன்பாடு இல்ல, அதுவும் அந்த வீட்டோட வயசுதானே.

அப்புறம் வாரன் குடும்பம், அவங்க காலத்துக்கு அப்புறம் 1970-கள்ல இன்னைக்கு பிரிசர்வேஷன் வர்ஜீனியான்னு பேர் இருக்குற அமைப்பு வாங்கினாங்க. 1960-லயே தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயாச்சு.

தோட்டம்னு ஒண்ணு சொல்றாங்களே?

1980-கள்ல தொல்லியல்காரங்க வீட்டுக்குப் பக்கத்து வயலைத் தோண்டினப்ப அடியில பதினேழாம் நூத்தாண்டுத் தோட்டத்தோட பாத்திகளும் மணல் பாதைகளும் அப்படியே கிடைச்சது. அமெரிக்காவுல இவ்வளவு பழைய, இவ்வளவு முழுசா கிடைச்ச ஆங்கிலேயத் தோட்டம் அபூர்வம். பெரிய ஆறு பாத்தி, நடுவுல அகலமா வெள்ளை மணல் பாதை. அதே கோட்டுல இன்னைக்கு திரும்பப் போட்டிருக்காங்க.

அடிமைகள் இருந்த வீடு இன்னும் இருக்கா?

இருக்கு. 1830 வாக்குல கட்டின ஒரு மரவீடு, பல குடும்பம் ஒரே கூரைக்கு கீழ. பெரிய வீட்டுல ஒரு மணி நேரம் இருந்தவங்க இதுக்கு அஞ்சு நிமிஷம் கூட கொடுக்க மாட்டாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. உள்ள போய் அந்த ரூமோட அளவை மனசுல வாங்கிக்கிட்டு, வெளியில வந்து அந்த மூணு மூணு புகைபோக்கியை ஒரு தடவை திரும்பப் பாருங்க. கூட வர்ற குழந்தைங்களுக்கும் சொல்லுங்க, அவங்க கேப்பாங்க, பதில் சொல்லலாம்.

பேய் இருக்குறதா கேள்விப்பட்டோம்?

ராத்திரியில நெருப்புப் பந்து பறக்குதுன்னு கதை இருக்கு. கதைக்காக போறவங்க போகட்டும், எனக்கு அதுல ஈடுபாடு இல்ல.

இது மாதிரி கிராமத்துச் செங்கல் வீடு வேற எங்க பாக்கலாம்?

நியூ ஜெர்சிக்காரங்க தெற்க சேலம் கவுண்டிக்குப் போங்க. அங்க குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த விவசாயிங்க கட்டின வீடுங்க, கண்ணாடி ஏறின செங்கல்லை வெச்சு பக்கச் சுவர் முழுக்க கோலம் போட்டிருப்பாங்க. ஏபல் நிக்கல்சன் வீடு 1722. ஹேன்காக் வீடு 1734, சுவத்து உச்சியில வீட்டுக்காரர், அவர் மனைவி ரெண்டு பேரோட முதல் எழுத்தும் வருஷமும் செங்கல்லயே இருக்கும். கொத்தனார் கையெழுத்துப் போட்ட மாதிரி எனக்கு ரொம்பப் பிடிச்ச சுவர் அது. அதே வீட்டுலதான் அமெரிக்க சுதந்திரப் போர் சமயம், 1778 மார்ச்ல பிரிட்டிஷ் படை ராத்திரியில புகுந்து தூங்கிட்டு இருந்தவங்களைக் குத்திக் கொன்னது. வர்ஜீனியாவுலயே அடுத்த தலைமுறை வீடு வேணும்னா ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹால், 1730-கள்ல கட்டினது, எல்லாம் சமச்சீரா கண்ணாடியில பாத்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும், அதையும் இதையும் பாத்தா எழுபது வருஷத்துல ரசனை எவ்வளவு மாறிச்சுன்னு கண்ணுக்கே தெரியும்.

எப்படிப் போறது?

ரிச்மண்ட்ல இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வில்லியம்ஸ்பர்க்ல தங்கியிருந்தா ஜேம்ஸ்டவுன்ல இருந்து கார் ஏத்துற ஃபெர்ரி போகுது, காசே கிடையாது, அந்தக் கரையில இறங்கினா சர்ரி. வீடு வருஷம் முழுக்க எல்லா நாளும் திறந்திருக்காது, அதனால முன்னாடியே நாள் பாத்துக்கோங்க. பக்கத்துலயே சிப்போக்ஸ் ஸ்டேட் பார்க் இருக்கு, 1619-ல இருந்து விவசாயம் நடக்குற நிலம், சாப்பாடு கட்டி எடுத்துட்டுப் போனா அங்க உக்காந்து சாப்பிடலாம். வீட்டை மத்தியானத்துக்கு அப்புறம் வெச்சுக்கோங்க, சாய்வெயில்லதான் செங்கல் வரியும் சாந்துல இருக்குற சிப்பியும் நல்லா தெரியும்.